ஆடி மழைக்குப் பின் உண்ணி தேடி: ஆதம்பாக்கம், மந்தைவெளி, அடையாறு

ஆதம்பாக்கத்தில் மூன்று கறவை மாடுகள் வைத்திருந்தேன். இடம் போதாமல் ஆனி மாதம் இரண்டை விற்றேன். ஆடி பிறந்து இரண்டு மழை பெய்ததும், மீதமிருந்த மாட்டுக்கு உண்ணிக் காய்ச்சல். ஊசி போட்டதில் பிழைத்தது. "வித்த மாடுங்களையும் பாத்துடும்மா, மழை விழுந்தா உண்ணி பெருகும்" என்றார் மருத்துவர். அடுத்த ஞாயிறே கிளம்பினேன். நகரத்தில் மாடு வைத்திருப்பவர்கள் யாராவது இப்படி ஒரு சுற்று போவதானால் உதவட்டும் என்று எழுதுகிறேன். இனிமையான பயணம் இல்லை.

வேளச்சேரியில் 8.10 ரயில். மந்தைவெளிக்கு ஐந்து ரூபாய், இருபது நிமிடம். பையில் டார்ச், இடுக்கி, பிடுங்கிய உண்ணியைப் போட ஸ்பிரிட் பாட்டில். (கையால் நசுக்காதீர்கள்.)

ஒரு மாட்டை வாங்கிய செல்வத்தின் கொட்டகை நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. "இன்னாக்கா, வித்த மாட்ட திருப்பிக் கேக்க வந்தியா?" என்று சிரித்தார். காதுக்குள், கழுத்துத் தொங்கலில், மடிக்குப் பின்னால், வாலடியில் தேடினேன். நான்கே உண்ணி. கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே நல்ல சிவப்பு, இரத்தம் குறையவில்லை. சாணத்தை அன்றன்றே அள்ளிவிடுவதால் ஈயும் அதிகமில்லை. மனம் லேசாகிவிட்டது.

10.05க்கு ரயிலேறிக் கஸ்தூரிபா நகரில் இறங்கினேன். அங்கிருந்து ஆட்டோ ஐம்பது ரூபாய். நடந்தால் இருபது நிமிடம். இன்னொரு மாட்டை வாங்கிய கண்ணகியின் வீடு ஆற்றோரக் குடியிருப்பின் கடைசிச் சந்தில். அவளுக்கு இருப்பது அந்த ஒரே மாடு. ஏழு மாதச் சினை.

மாடு படுத்திருந்தது. என் குரல் கேட்டும் காது அசையவில்லை.

"நேத்துலேர்ந்து தீனி எடுக்கலக்கா. மூத்திரம் காப்பி டிக்காசன் மாறி போவுது. சூடு புட்ச்சிகிச்சுன்னு மோரு ஊத்திக்கினு கீறேன்" என்றாள் கண்ணகி.

இமையை இழுத்தேன். வெள்ளைத் துணி போல் இருந்தது. வாலைத் தூக்கினால், கொத்துக் கொத்தாக உண்ணி. முப்பது வரை எண்ணி நிறுத்திவிட்டேன். என் மருத்துவரைக் கூப்பிட்டேன். பல்லாவரத்திலிருந்து அவர் வந்து சேர 1.20 ஆகிவிட்டது. ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். "ரெண்டு நாள் முன்னாடி பாத்திருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கண்ணகி மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். 3.45க்கு மூச்சு நின்றது. வயிற்றில் கன்று அதற்குப் பிறகும் சற்று நேரம் அசைந்தது. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வித்தப்பவே இது இருந்துச்சாக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மழையில் வந்தது என்றால் நம்பியிருப்பாள்.

"இருந்துச்சு கண்ணகி. வாலாண்ட ஏழெட்டு. நீ வர்றதுக்கு முன்னாடி புடுங்கிட்டு, வேப்பெண்ணெய் தடவி நிறுத்துனேன்."

அவள் கத்தவில்லை. "நான் கேட்டனே. நோவு நொடி எதுனா கீதான்னு கேட்டனே" என்றாள். மாட்டின் தலையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "நீ கெளம்பு" என்றாள்.

வாங்கிய பணத்தை மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கணவர் வாங்கிக்கொண்டார். கண்ணகி வெளியே வரவில்லை.

போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு, வார நாளில் போங்கள். மழைக்காலம் தொடங்கியதும் வாரம் ஒருமுறை காதையும் வாலடியையும் பாருங்கள். சிறுநீர் நிறம் மாறினால் மோர் ஊற்றி நேரம் கடத்தாதீர்கள். அன்றே மருத்துவரை அழையுங்கள். மாட்டை விற்பதானால், வாங்க வருபவர் எதிரிலேயே வாலைத் தூக்கிக் காட்டுங்கள். விலை குறையும். குறையட்டும்.