மாம்பழத்தில் உட்கார்ந்தது எந்த ஈ?

இன்று காலை வெள்ளவத்தைச் சந்தையில் கறுத்தக்கொழும்பான் என்று நல்ல விலை கொடுத்து வாங்கிய மாம்பழத்தில், மஞ்சள் கோடு போட்ட ஈ ஒன்று உட்கார்ந்திருந்தது. குளவிக்குத் தங்கச்சி போலிருந்தது.

பின்னேரம் மச்சாள் வருகிறாள். பழம் அவளுக்குத்தான். வெட்டும்போது புழு நெளிந்தால் வருடக்கணக்கில் சொல்லிக் காட்டுவாள். படமெடுத்து முகநூலில் என் பக்கத்தில் போட்டேன்: "என் கறுத்தக்கொழும்பானில் இருந்த இது, பழத்துக்குள் முட்டை இடும் ஈயா?"

ஒருவர் ஓம் என்றார். மற்றவர், இல்லை, இது பூசணிக்குப் போகிற ஈ என்றார். பூச்சிகளைப் படமெடுத்தே காலத்தை ஓட்டும் ஃபாஹிம் நானா வந்து இருவரையும் நிறுத்தினார்.

"தங்கச்சி, பார்க்க ஒரே மாதிரி நெறைய சாதி இருக்கு. இந்தப் படத்த வெச்சு சொல்ல ஏலாது. செட்டையும் காலும் வடிவா தெரியணும்."

"நானா, அது பறந்திட்டுது."

"அப்ப தெரியாதுன்னு போடுங்க."

அதே படத்தில் ஈக்குப் பின்னால் மாம்பழம் மங்கலாக, பாதிதான் தெரிந்தது. கொட்டாஞ்சேனைச் சிநேகிதிக்கு அது போதுமாயிருந்தது.

"இது கறுத்தக்கொழும்பான் இல்லையடி, வெள்ளைக்கொழும்பான். உன்னை நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்."

கனடாவிலிருந்து நான்கு பேர் அதை ஆமோதித்தார்கள். ஒருவர்கூடக் காலைக் கேட்கவில்லை, செட்டையைக் கேட்கவில்லை.

கடைசியாக மச்சாளின் பதில் விழுந்தது: "மச்சாள், பழம் வெட்ட வேண்டாம். நான் வரேக்க ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு வாறன்."

ஈயின் பெயர் தெரிந்தவர்கள் இப்போதாவது சொல்லுங்கள். என் மானத்தை வாங்கியது யாரென்றாவது தெரிய வேண்டாமா?