தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற வசந்தா

தேன்கனிக்கோட்டை பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது வசந்தாவின் கணவர் அழைத்தார். "முடிஞ்சிடுச்சுங்க" என்றார். கொரோனாவின் இரண்டாம் அலை வசந்தாவின் நுரையீரலைச் சுருக்கிப் போட்டிருந்தது. அதன் பிறகு அவர் முழு மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. வரப்போகிறது என்று தெரிந்திருந்த செய்திதான். ஆனாலும் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

வெளிநாட்டு நிதியில் ஓசூரில் நடந்த காசநோய் உதவித் திட்டத்துக்கு அவர் ஒருங்கிணைப்பாளர், நான் களப்பணியாளர். அரசு தரும் மாத்திரையை நோயாளி விடாமல் சாப்பிடுகிறாரா என்று வீடுவீடாகப் போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. தமிழில் விசாரித்து, தெலுங்கில் அதட்டி, கன்னடத்தில் சமாதானம் செய்து ஒரே வாசலில் மூன்று மொழியும் பேசிவிட்டு வருவார். ஓசூர்க்காரர் என்றால் நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ஊரடங்கு வந்ததும் தலைமையிடத்திலிருந்து உத்தரவு வந்தது: வண்டியும் ஆட்களும் இனி கொரோனா வேலைக்கு மட்டும். காசநோய் வீடுகளுக்குப் போவது நின்றது. மத்திகிரியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு தையல் கம்பெனிக்குப் போய்வந்த எங்கள் நோயாளி மஞ்சுளா, கம்பெனி மூடியதும் கர்நாடகத்தில் ஆனேக்கல் பக்கம் இருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். மாநில எல்லையை மூடினார்கள். கொண்டுபோன மாத்திரையும் தீர்ந்தது. அங்கிருந்த சுகாதார நிலையத்தில் கொரோனா தவிர வேறெதையும் பார்க்க ஆளில்லை.

வசந்தா வண்டி கேட்டார். இப்போதைய இலக்கில் அது வராது என்று பதில் வந்தது. என் பைக்கில் உட்கார்ந்து எல்லையிலிருந்த ஜூஜுவாடி சோதனைச்சாவடிக்கு வந்தார். போலீசார் திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் போனோம். அதற்கடுத்த நாளும் போனோம். வெயிலில் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவர் நிற்க, அந்தப் பக்கம் மஞ்சுளாவின் அம்மா நின்றார். அனுமதிக்காக வசந்தா ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. கடைசியில் ஒரு காவலர் மனமிரங்கி மாத்திரைப் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்குள் வாரங்கள் ஓடியிருந்தன.

விட்டுவிட்டுச் சாப்பிட்ட மருந்து பிறகு மஞ்சுளாவுக்குக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு, வெளிநாட்டிலிருந்து வந்த ஆக்சிஜன் இயந்திரங்களை நாங்கள் ஆஸ்பத்திரியில் இறக்கிக்கொண்டிருந்த நாளில் அவள் இறந்தாள். செய்தியைக் கேட்ட வசந்தா, கையில் பிடித்திருந்த பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அதையே தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

வளர்ச்சி இலக்குகள் பற்றிப் பல நாட்டுக்காரர்கள் கூடிய இணையக் கூட்டத்தில் எங்கள் வெற்றியைச் சொல்ல அவரை அழைத்தார்கள். தொற்றிலிருந்து எழுந்திருந்த நேரம். இருமி இருமித்தான் பேசினார். "அந்த இயந்திரங்கள் உயிரைக் காப்பாத்தினது உண்மை. அதுக்காக நாம நிறுத்தின வேலையால ஒரு பொண்ணு செத்துட்டா. அவ எந்த இலக்கில வருவா?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தார். நடத்தியவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த நாட்டை அழைத்தார்.

இப்படிப் பேசினால் வேலை என்னாகும் என்று அவரிடம் கோபப்பட்டேன். "கேக்க வேண்டிய இடத்துல கேட்டேன். வேற எங்க போய்க் கேக்கச் சொல்றீங்க?" என்றார். திட்டம் அப்போது நிற்கவில்லை. நிதி வரவரக் குறைந்து, இப்போது அடியோடு நின்றுவிட்டது. அலுவலகம் இருந்த இடத்தில் செல்போன் கடை நடக்கிறது.

மூச்சு வாங்கினாலும் மாதம் ஒருமுறை அவர் ஆனேக்கலுக்குப் போய்வந்தார். அங்கே மருந்து சாப்பிட யாரும் இல்லை. கொண்டுபோய்க் கொடுக்க எங்களிடமும் ஒன்றுமில்லை. எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "கொடுக்கறதுக்கு ஏதாவது இருந்தாத்தான் போகணுமா?" என்றார். மஞ்சுளாவின் அம்மாவும் அவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. சோளக்கதிர் உரித்துக்கொண்டோ, காப்பி குடித்துக்கொண்டோ கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்புவார்.

வசந்தா இறந்தது அந்த அம்மாவுக்கு இன்னும் தெரியாது. போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போகிறேன். என் கன்னடம் அரைகுறை. இருந்தாலும் அடுத்த மாதமும் போவேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வீடுதான்.