அனுப்பர்பாளையத்தில் தோற்ற அரையிறுதி

புதன்கிழமை காலை பாலக்காட்டில் ரயிலேறி, பதினொரு மணிக்குத் திருப்பூரில் இறங்கினேன். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் மாதிரிக்கு ஒரு பனியன். மஞ்சேரியில் நான் பாத்திரம் கழுவிய டீக்கடைக்கு எதிரே ஒரு கால்பந்து ரசிகர் மன்றம் உண்டு. ஸ்பெயினிலுள்ள ஒரு கிளப்தான் அவர்களுக்கு உயிர். நான் வேறு வேலை தேடித் திருப்பூர் வழியாகத் தாராபுரம் போகிறேன் என்றதும், மன்றச் செயலாளர் ரியாஸ் ரயில் செலவைக் கொடுத்து, பையை ஓர் அச்சுப் பட்டறையில் சேர்க்கச் சொன்னார்.

அனுப்பர்பாளையம் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் பத்து ரூபாய். பஸ்ஸுக்குள் பாதிப் பேச்சு இந்தி. பாத்திரப் பட்டறைகளைத் தாண்டி ஒரு சந்தில் தகரக் கொட்டகை. ஈஸ்வரி அக்கா இரண்டு மேசை போட்டுப் பனியனில் அச்சடிக்கிறார். உதவிக்குத் திருநெல்வேலிக்காரர் சேவியர்.

அக்கா மாதிரியை விரித்தார். கிளப்பின் கோடுகளுக்குக் கீழே மலையாளத்தில் ‘ஃபைனலில் நாங்கள்’ என்று ஒரு வரி.

“ஃபைனலுக்குப் போனா மட்டும் அடிக்கச் சொன்னாருங்க. இன்னிக்கு ராத்திரி ஆட்டமாமுங்க. உங்களுக்கு இதெல்லாம் தெரியுமுங்களா?”

“மஞ்சேரில ரெண்டு மாசமா இதே பேச்சுதாங்க. எல்லாம் தெரியும்.”

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். தெரியுமா என்று கேட்டால் இல்லையென்று சொல்ல வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: அந்தக் கிளப் தன் நாட்டு லீக்கில் ஐந்தாம் இடம், நாட்டுக் கோப்பையில் எப்போதோ வெளியே, மிச்சமிருப்பது ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி. முடிவு தெரியும்வரை இருக்கச் சொல்லி அக்கா கேட்டதால், அன்றிரவு கொட்டகையிலேயே துணி மூட்டைமேல் படுத்தேன்.

வியாழன் காலை ரியாஸ் போனை எடுக்கவில்லை. சனிக்கிழமை பனியன் மஞ்சேரியில் இருக்க வேண்டும். மதியம் வேறொருவர் வேலை மேசைக்கு வருகிறது. அக்கா என்னைப் பார்த்தார். நான் என் போனைப் பார்த்தேன். அந்தக் கிளப்புக்கு ஒன்று, எதிரணிக்குப் பூஜ்யம்.

“ஜெயிச்சாச்சுங்க. அடிங்க.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“அண்ணாச்சி மஞ்சேரில பந்தாட்டம் படிச்சிட்டு வந்திருக்காவ,” என்றார் சேவியர். “சந்தேகப்படலாமாக்கா?”

பத்தரை மணிக்கு ரியாஸ் அழைத்தபோது எல்லாம் அடித்துக் காயப்போட்டாகிவிட்டது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

“சேச்சி, அடிக்க வேண்டாம். தோத்துப் போயி.”

“ஜெயிச்சுட்டாங்கன்னு போன்ல இருந்துச்சுங்களே?”

“அது ரெண்டாமத்த களி, ரெண்டாமத்த ஆட்டம். போன வாரம் முதல் களியில மூணுக்கு ஒண்ணு தோத்தல்லோ. ரெண்டும் கூட்டணும் சேச்சி. கூட்டினா நமக்கு ரெண்டு, அவங்களுக்கு மூணு.”

போன வாரம் மன்றத்தில் ஒருவரும் டீ வாங்க வராத நாள் எனக்கு நினைவு வந்தது. லீக்கில் தோற்றுவிட்டார்கள் போலிருக்கிறது என்று எண்ணியிருந்தேன். அந்தக் கிளப் ஒரே வாரத்தில் சொந்த நாட்டில் ஒன்றும் ஐரோப்பாவில் ஒன்றுமாக ஆடும். எது எதுவென்று நான் யாரையும் கேட்டதில்லை.

“யாரு அடிக்கச் சொன்னது?” என்றார் ரியாஸ்.

நான் அக்காவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். பனியன் முழுவதும் அவர் தன் காசு போட்டு வாங்கியது என்பதும் தெரியும். காய்ந்துகொண்டிருந்த பனியன் ஒன்றை நேராக இழுத்துவிட்டேன்.

“ஆருஞ் சொல்லலீங்க. நாந்தான் அவசரப்பட்டுட்டனுங்க,” என்றார் அக்கா. “அந்த வரி மேல கருப்புப் பட்டை அடிச்சுத் தர்றனுங்க. எடுத்துக்கறீங்களா?”

பார்த்துவிட்டுச் சொல்வதாக ரியாஸ் போனை வைத்தார். மதியத்து வேலை தள்ளிப்போனது. நான் பனியனை மேசையில் விரித்துக் கொடுத்தேன், சேவியர் பட்டை அடித்தார். அதன்பின் அவர் என்னைக் கேலி செய்யவே இல்லை. அக்கா சோறு போட்டு, “நல்லாச் சாப்புடுங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை, பாதி எடுத்துக்கொள்வதாக ரியாஸ் சொல்லிவிட்டார். மீதி கொட்டகையில் ஓரமாகக் கிடந்தது. நான் கிளம்பும்போது அக்கா அந்த வரியை அடித்த ஸ்கிரீனை, மை இறங்கும் வலைச்சட்டத்தை, கையில் வைத்திருந்தார்.

“அடுத்த வருசமும் இவங்க ஐரோப்பாவுல ஆடுவாங்களா? ஆடுவாங்கன்னா இதை வெக்கறேன். இல்லீன்னா அழிச்சுப்போட்டு வேற வேலைக்கு எடுத்துக்கறேன்.”

நாட்டு லீக்கில் பிடிக்கும் இடத்தைப் பொறுத்துத்தான் ஐரோப்பாவில் ஆட முடியும் என்று மன்றத்தில் பேசிக் கேட்டிருக்கிறேன். ஐந்தாம் இடம் அதற்குப் போதுமா?

“எனக்குத் தெரியாதுங்கக்கா.”

“இதை நேத்தே சொல்லியிருக்கலாமுங்களே,” என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கிரீனோடு குழாயடிக்குப் போனார்.

தாராபுரத்துக்கு ஐம்பது கிலோமீட்டர். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் விழுப்புரம் பக்கமாக இருந்தால் சட்டையைப் பிடித்துத் திட்டியிருப்பார்கள். நானும் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் பஸ் ஏறியிருப்பேன்.