அஞ்சலிக்குப் பிறகு ஒரு திருத்தம்

செய்தியைச் சரிபார்க்காமல் யாருக்கும் அனுப்பக் கூடாது என்று தென்காசியில் நாலைந்து பேரைச் சேர்த்து ஒரு நேயர் குழு ஆரம்பித்தவன் நான். உள்ளூர் கேபிள் சேனல் தப்பாகச் செய்தி போட்டால் நேரில் போய்க் கேட்பது எங்கள் வேலை. குற்றாலம் மெயின் அருவியில் வெள்ளம் என்று அந்தச் சேனல் போட்ட வீடியோவை, 'ஜாக்கிரதை' என்று எழுதி வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பியவனும் நானே.

கொஞ்ச நேரத்தில், அருவிக்கரையில் பழம் விற்கும் பக்கத்து வீட்டு அம்மா போனில் வந்தார்.

"அண்ணாச்சி, அருவிக்கு எதுத்தாப்புலதான் நிக்கேன். தண்ணி சாதாரணமாத்தான் விழுது. அது எந்த வருசத்து வெள்ளமோ. டிவில போட்டதுலேருந்து ஆள் வரத்தே இல்ல. ரம்புட்டான கூடைகூடையா எறக்கிப்புட்டேன். ரெண்டு நாள்ல கறுத்துப் போவும்."

அவசரமாக என் வீடியோவை அழிக்கப் போனேன். அதற்குள் ஆலங்குளத்து மைத்துனர், 'நல்லவேளை சொன்னீர்கள், வேனை ரத்து செய்துவிட்டோம்' என்று நன்றி அனுப்பியிருந்தார்.

குழுவோடு சேனல் ஆபீசுக்குப் போனோம். தவறான செய்தி எந்த நேரத்தில் வந்ததோ அதே நேரத்தில், அதே நீளத்துக்குத் திருத்தம் வர வேண்டும் என்றேன். ஜனநாயகத்தின் நான்காவது தூணைப் பற்றியும் கொஞ்சம் பேசினேன். சேனல்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"தப்புதான் அண்ணாச்சி. ஒங்க வீட்டுலதான் கேபிளே கெடையாதே, நீங்க எங்கன பாத்திய?"

"போன்ல வந்துது."

"சரி. செய்தில எடம் இல்ல. கண்ணீர் அஞ்சலிக்குப் பொறவு போட்டுவிடுதேன்."

மரண அறிவிப்புகளின் வாலில் மக்களின் உரிமையைக் கட்டுவதா என்று நான் எழுந்தேன். குழுவில் இருந்த செல்போன் கடைக்காரன், பள்ளியில் என்னோடு படித்தவன், என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"ஏலே, பேசாம ஒத்துக்கிடு. நம்மூர்ல செய்திய எவம்லே பாக்கான்? யாரு செத்தா, எப்ப எடுக்காவன்னு பாக்கத்தான் டிவியே போடுதோம்."

என் கொள்கை அங்கேயே உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் அவன் கடையிலேயே பார்த்தோம். மாலை போட்ட படங்கள் வரிசையாகப் போய் முடிந்தன. சோக இசையை நிறுத்த மறந்துவிட்டார்கள் போல. அதே இசையில், அதே தழுதழுத்த குரலில், வெள்ளக் காட்சி பழையது என்றும், அருவியில் வழக்கம்போல் குளிக்கலாம் என்றும், தவறுக்கு வருந்துகிறோம் என்றும் அறிவித்தார்கள். இவ்வளவு மனப்பூர்வமாக எந்தச் சேனலும் வருந்தி நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். கார்கள் நிற்க இடமில்லாமல் ரோட்டோரம் வரை வந்திருந்தன. ஈரத் துண்டோடு ஆட்கள் பழக்கடையைச் சுற்றி நின்றார்கள். ரம்புட்டான் கூடைகளின் அடி தெரிந்தது. முந்தின நாளிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. இனி ஒரு கூடை கறுத்தாலும் அதற்குக் காரணம் வெயிலாக இருக்கும், நானாக இருக்காது.

கூட்டம் சற்றுக் குறைந்ததும் பக்கத்தில் போய், அடக்கமாகத்தான் ஆரம்பித்தேன்.

"பாத்தியளா, டிவில திருத்தம் போட்டதும் எவ்வளவு கூட்டம்."

அவர் பழத்தை நிறுத்துக்கொண்டே சொன்னார்: "இன்னைக்கு ஞாயித்துக்கெழமைல்லா அண்ணாச்சி."