ஒரே சாக்கில் பதினோரு போல்ட்

பழைய வேட்டைத் துப்பாக்கியைப் பார்த்து, அந்தக் காலத்து இரும்பு, அந்தக் காலத்துத் தரம் என்று யாராவது சிலாகிக்க ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுந்து போய்விடுவேன். அந்த இரும்பைத் துடைத்து எண்ணெய் போட்ட கை இது. அதன் யோக்கியதை எனக்குத் தெரியும்.

யுத்த காலத்தில் திருவொற்றியூரில் ஒரு இரும்புக் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டி ஓடிய சமயம். லைசென்ஸ் வைத்திருந்த பெரிய மனிதர்கள் தங்கள் ரைபிள்களை எங்கள் கம்பெனி இரும்பறையில் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். எதிரி கையில் சிக்கினாலும் சுட முடியாதபடி எல்லாவற்றிலும் போல்ட்டைக் கழற்றச் சொன்னார் ஸ்டோர் துரை. தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்பக்கம் பூட்டுகிற உருளைதான் போல்ட்; அது இல்லாத ரைபிள் வெறும் குழாய். நல்ல யோசனைதான். ஆனால் கழற்றிய பதினோரு போல்ட்டையும் ஒரே சாக்கில் போடச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் புத்தி புல் மேயப் போயிருந்தது. "சீட்டு எழுதிக் கட்டட்டுமா சார்?" என்று கேட்டேன். நேரமில்லை என்றார். ஓடுகிற அவசரம் அவருக்கு.

பயம் தெளிந்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்ததும் சாக்கை என் முன்னால் கொட்டினார்கள்.

ரைபிளிலும் தலைமுறை உண்டு. போல்ட்டைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். போன நூற்றாண்டுச் சரக்கில் முன்பக்கம் இரண்டே காதுகள். சுடும்போது அவைதான் போல்ட்டைப் பின்னால் வராமல் பிடித்துக்கொள்ளும். பிறகு வந்ததில் துணைக்கு மூன்றாவதாக ஒரு காது வைத்தார்கள். அதைவிடப் பெரிய வித்தியாசம், தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்தால் நெருப்பும் புகையும் விலகிப்போகப் புதியதில் துளைகள் உண்டு. சுடுகிறவன் முகத்தைக் காக்க அகலமாக ஒரு தடுப்பும் உண்டு. எங்களிடம் வந்த கிழங்களில் அதெல்லாம் கிடையாது. கிழிந்தால் நேரே கண்ணுக்குத்தான். எத்தனை பேர் கண்ணைக் கொடுத்த பிறகு அந்தத் துளையைப் போட வேண்டும் என்று தோன்றியதோ!

போல்ட்டிலும் ரைபிளிலும் ஒரே எண் அடித்திருக்கும். எண் பார்த்து ஒன்பதைச் சேர்த்துவிட்டேன். மிச்சம் இரண்டும் பழசு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எண்ணே மழுங்கியிருந்தது. நான் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு வக்கீல் வந்து நிற்க, பளபளவென்று இருந்ததை எடுத்து அவர் ரைபிளோடு கொடுத்தனுப்பிவிட்டார் துரை. மிஞ்சியது துரையின் சொந்தப் பழைய ரைபிளுக்கு.

எனக்கு மனசு ஒப்பவில்லை. சிகரெட் டப்பாத் தகட்டை வட்டமாக வெட்டி, மருந்து எடுத்த தோட்டாவின் அடியில் ஒட்டி, உள்ளே விட்டு மூடிப் பார்த்தேன். போல்ட் தன் ரைபிளுக்கு உரியதாக இருந்தால் அந்தத் தகடு இடிக்க வேண்டும், மூடக் கூடாது. வழுக்கிக்கொண்டு மூடியது. போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடைவெளி அதிகம், கூடு கிழியும் என்று துரையிடம் போய்ச் சொன்னேன். "மூடுதா இல்லையா?" என்றார். மூடுகிறது என்றேன். "அப்புறம் என்ன?" என்றார். அந்த போல்ட்டையே மாட்டி, எண்ணெய் போட்டு அலமாரியில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

துரை அந்தக் கிழத்தைத் தொடமாட்டார். அவர் சுடுவதற்குப் புதியது தனியாக இருந்தது. பழையது, வேட்டைக்குக் கூட வருகிற ஆளுக்கு. அந்த ஆள் வேறு யாருமில்லை, என் மனைவியின் தம்பி. காத்திவாக்கத்தில் வலை போடுகிறவன். எண்ணூர் கழிமுகத்துக்கு அப்பால் புதர்க்காட்டில் பன்றித் தடமெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ரைபிள் அவன் கைக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும். காத்திவாக்கம் என்ன கடல் தாண்டியா இருக்கிறது? நடந்தே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் துரையிடம் உளறுவான், என் வேலை போகும் என்று பயந்தேன். அந்தப் பயத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே நடந்துவிட்டது. முதல் குண்டு. கூடு கிழிந்து வலது கண் போனது.

மீன் பிடிக்கிறவனுக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியவில்லை என்று துரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் அறைக்குள் போய் அந்தத் தகட்டு வில்லையை மேஜைமேல் வீசினேன். அன்றைக்கே சொன்னேனா இல்லையா என்று கத்தினேன். அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. "மாட்டினது யார்?" என்று மட்டும் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் பாதி முகம் கட்டோடு கிடந்தான் மச்சினன். எல்லாவற்றையும் சொல்லி அவன் காலைப் பிடித்துவிட வேண்டும் என்றுதான் போனேன். அதற்குள் அவனே என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டான்.

"நீ இன்னாத்துக்கு மாமு அழுவுற? அந்தக் கலீஜ் துப்பாக்கிய நான் எப்பவும் மூஞ்சிய தள்ளி வெச்சிகினுதான் சுடுவேன். இந்த வாட்டி நீ மாட்டினதுன்னு துரை சொன்னாரா, அதான் தைரியமா கன்னத்த ஒட்டி வெச்சிகினேன்."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.