ரேடியேட்டரில் மஞ்சள்

நான் வாங்கிய முதல் கார் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். சொன்னால் பலர் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன. அறுபதுகளின் தொடக்கம் அது. ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். வேலை முடிந்து தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்கார டாக்டர் ஒருவர், பத்து வருஷம் ஓட்டிய பச்சை நிற டூ-சீட்டரை எனக்கு விற்றுவிட்டுப் போனார். என் சம்பளத்தில், என் பெயரில் வாங்கிய வண்டி. ஜாலான் புசார் பக்கத்துச் சந்தில் எங்கள் கடைவீட்டுக்குப் பின்னால் அதை நிறுத்திவிட்டு, மாடியிலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தது, எஞ்சினைத் தண்ணீரால் குளிரவைக்கிற ரேடியேட்டர். ஏழெட்டு மைல் ஓடினால் போதும், தண்ணீர் கொதித்து முன்னாலிருந்து ஆவி கிளம்பிவிடும். நாலாவது தடவை கொதித்தது செராங்கூன் ரோட்டில், வெள்ளிக்கிழமை காலை, கோயிலுக்கு வந்த கூட்டம் முழுக்கப் பார்க்க. நர்ஸ் உடுப்போடு நடுரோட்டில் நான். மானம் கப்பலேறியது. நான் வீடு வந்து சேருவதற்குள் சேதி அண்ணனுக்குப் போய்விட்டிருந்தது.

அண்ணன் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பா போன பிறகு வீட்டுக்கு அவர்தான் எல்லாம். வண்டி விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். இது பொம்பளை கட்டி மேய்க்கிற வண்டி இல்லை, டியூட்டி முடிந்து தனியாக வருகிறபோது வழியில் நின்றால் என்ன செய்வாய் என்றார். அதோடு விட்டாரா? தெரிந்த யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்டாராம், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டாராம். நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் கொதிக்காமல் ஓட்டிக் காட்டுகிறேன், காட்டினால் விற்கக் கூடாது என்றேன். பார்க்கலாம் பார்க்கலாம் என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது.

சனிக்கிழமை எனக்கு லீவு. காரோடு வந்த புத்தகத்தில் ரேடியேட்டரை எப்படிக் கழுவுவது என்று படம் போட்டிருந்தது. படித்துப் பார்த்தால், அட, இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. எனிமா கொடுத்துக் கொடுத்துப் பழகிய கை லா இது. உள்ளே இருப்பதை வெளியேற்ற வேண்டும், கழுவ வேண்டும், புதுசாக நிரப்ப வேண்டும்.

காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே மூடியைத் திறந்து, அடியில் எனாமல் பேசின் ஒன்றை வைத்து, வடிகுழாயைத் திருகினேன். கொட்ட வேண்டிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. துரு என்று நினைத்தேன். ஆனால் நிறம் சரியில்லை. விரலில் தொட்டு முகர்ந்தேன். மஞ்சள். குழம்பில் போடுகிற அதே மஞ்சள் தூள், ஊறி ஊறிச் சேறாகிக் கிடந்தது.

யார் வேலை என்று யோசிக்கவே வேண்டியதில்லை. துறைமுகத்து லாரிக்காரர்களின் கைவைத்தியம் அது. ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள் தூளை உள்ளே போடுவார்கள், அது உப்பி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். லாரியின் பெரிய ரேடியேட்டர் அதைத் தாங்கும். என் காரில் இருந்ததோ ஈர்க்குச்சி நுழையத் திணறுகிற குழாய்கள்.

மத்தியானம் அண்ணன் வந்ததும் பேசினைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன்.

"எத்தனை தடவை போட்டீங்க?"

அவர் மழுப்பவில்லை. ஒவ்வொரு தடவை கொதித்துவிட்டு வந்த பிறகும் தண்ணீர் குறைந்திருந்ததாம். ஒழுகுகிறது என்று நினைத்து, நான் தூங்குகிற நேரம் பார்த்து ஒரு பிடி போட்டாராம். நான் வழியில் நின்றுவிடக் கூடாதே என்றுதானாம். மஞ்சள் அடைத்ததால் கொதித்தது, கொதித்ததால் தண்ணீர் குறைந்தது, குறைந்ததால் மறுபடி மஞ்சள். தலையில் அடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நன்றாகத் திட்டித் தீர்த்தேன். அண்ணனை எதிர்த்து நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கழற்றித் தரவா என்று கையை நீட்டினார். தொடாதீங்க என்றேன்.

ரேடியேட்டரை நானே கழற்றினேன். கழற்றும்போதே இன்னொன்றும் தெரிந்தது. ரேடியேட்டரில் ஓட்டையே இல்லை. கீழே மாட்டியிருந்த ரப்பர் ஹோஸ் குழாய்தான் வெடித்துக் கசிந்திருந்தது. முதல் தடவை கொதித்ததற்குக் காரணம் அந்தச் சின்ன வெடிப்பு. ஜாலான் புசார் கார் சாமான் கடைக்குப் போய் அதே அளவில் புதுசு வாங்கி வந்தேன். பிறகு ரேடியேட்டரைத் தலைகீழாக நிறுத்தி, தண்ணீர் வழக்கமாகப் போகிற வழிக்கு எதிராகக் குழாயைச் செருகி, இடைவெளியில் துணியைச் சுற்றி, பைப்பைத் திறந்தேன். கட்டி கட்டியாக வந்து விழுந்தது. சலவைச் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு மறுபடி அடித்தேன். எஞ்சினுக்குள்ளும் அப்படியே. முழங்கை வரை மஞ்சள், மணப்பெண் தோற்றாள் போங்கள். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில்தான் தண்ணீர் தெளிவாக வெளியே வந்தது.

டாக்டர் விட்டுப்போன டின் ஒன்று காருக்குள் கிடந்தது. குளிர் நாட்டில் ரேடியேட்டர் தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றுகிற மருந்து. அதைத் திறந்ததும் பக்கத்து மாடியிலிருந்து ஒரே கேலி, நாளைக்குச் செராங்கூன் ரோட்டில் பனி கொட்டப்போகுதா லா என்று. துருப்பிடிக்காமலும் காக்கும் என்று டின்னிலேயே எழுதியிருக்கிறது, இறங்கி வந்து படியுங்கள் என்றேன். தண்ணீரோடு கலந்து ஊற்றி, மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஓடவிட்டேன். சிக்கியிருந்த காற்று குமிழியாக வெளியேற, மட்டம் இறங்க இறங்க ஊற்றினேன். மூடியைப் போட்டபோது, சொன்னால் என்ன, எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அண்ணனைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு புக்கிட் தீமா ரோட்டில் விட்டேன். அவர் ரோட்டைப் பார்க்கவே இல்லை, சூடு காட்டுகிற ஊசியையே பார்த்துக்கொண்டு வந்தார். மேடு வந்தது, வெயில் ஏறியது, ஊசி நடுவில் நின்றது நின்றதுதான். ஜொகூர் பாலம் வரை போய்த் திரும்பினோம். திரும்புகிற வழியில் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிளார்க்குக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் போகிறார் என்று எனக்குள் பயம் புகுந்துவிட்டது.

வாசலில் கிளார்க் காத்திருந்தார். காரைச் சுற்றி வந்து பார்த்தார். கொதிக்கும் என்று கேள்விப்பட்டேனே, இப்போது எப்படி, எப்போது எடுத்துக்கொண்டு போகலாம் என்று அண்ணனிடம் கேட்டார். நான் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"கெடுத்தது நான். சரி பண்ணது என் தங்கச்சி," என்றார் அண்ணன். "வண்டி அவளோடது. விக்கிறாளான்னு அவளைக் கேளுங்க."

தன்மேல் தப்பு என்று அண்ணன் ஒரு வெளியாளிடம் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. கிளார்க் என் பக்கம் திரும்பினார்.

"விக்கல," என்றேன்.