இரண்டு கைப்பிடிக் குவளை

ஆஸ்பத்திரி வார்டில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கை கழுவுகிறேன். சில நேரம், குழாயைப் பூட்டும்போது, முன்பு வேலை செய்த வீட்டின் குசினி ஞாபகத்துக்கு வரும். அங்கே தண்ணீர்த் தொட்டியோரம் இரண்டு கைப்பிடி வைத்த ஒரு குவளை இருந்தது. பிள்ளைகள் விழுத்தாமல் பிடிக்கத்தான் இரண்டு பிடி என்று நினைத்திருந்தேன்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. நாங்கள் குடியிருந்த வில்லரேப் பகுதியில் இருந்து பஸ்ஸில் போய் ஒரு யூதக் குடும்பத்தின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாய்க்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட. மத்தியானம் அவர்கள் சாப்பிடும்போது நான் மேல்மாடியில் கைக்குழந்தையை நித்திரையாக்குவேன். அதனால் அவர்கள் சாப்பிட உட்காருவதை நான் கண்டதே இல்லை.

தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்த அன்று குழந்தை வேளைக்கே தூங்கிவிட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். வகுப்புகள் பகலில். அப்பாவின் சம்பளம் மட்டும் போதாது, வேலையை விட ஏலாது. வேலை நேரத்தைப் பின்னேரத்துக்கு மாற்றித் தந்தால்தான் படிக்கலாம்.

கீழே வந்தபோது பிள்ளைகளின் தாய் அந்தக் குவளையால் வலக்கையில் தண்ணீர் ஊற்றி, பிறகு கை மாற்றி இடக்கையில் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

பதில் இல்லை. கையைத் துடைத்தார். மேசையைப் பார்த்தார். பிறகு “ம்ம், ம்ம்” என்று என் பக்கம் கையை நீட்டினார். எனக்குப் பின்னால் வாசல் கதவு.

போ என்கிறார் என்றே விளங்கிக்கொண்டேன். கெஞ்சி நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை. கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தேன். “ம்ம்” இன்னும் பலமாக வந்தது. மேசையில் இருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் அவரே என்னைத் தாண்டி வந்து, கதவோரத்து அலுமாரியைத் திறந்து, காலையில் நான் மேசையில் இருந்து எடுத்து உள்ளே வைத்த பாணை எடுத்தார். மெல்ல ஏதோ ஓதி, ஒரு துண்டு பிய்த்து அவசரமாக விழுங்கினார்.

“எங்கட சமயத்தில, சாப்பாட்டுக்குக் கை கழுவினால் பாண் சாப்பிடுமட்டும் கதைக்கக் கூடாது. நீ பாணையும் ஒளிச்சு வச்சிட்டு, கோவிச்சுக்கொண்டும் போறாய். பின்னேரம் வா. எனக்கும் அதுதான் வசதி.”

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

“என்ன படிப்பு எண்டு திரும்பச் சொல்லு. தண்ணிச் சத்தத்தில வடிவாக் கேக்கேல்லை.”

கோட்டின் ஒரு கை தொங்க, ஆறுதலாக, முதலில் இருந்து சொன்னேன்.